நூறு ஹெர்ட்ஸ்

சத்துவாச்சாரி, மே மாதம், மொட்டை மாடிக்குக் கீழ் வீடு.
தரையில் இரண்டு ஆம்ப்ளிஃபயர்.
ஒன்றில் நான்கு வால்வுகள்,
புதுத் தலைப்பாகை வேண்டாமென்ற கோட்டைச் சிப்பாய்கள்போல்
வெறுந்தலையோடு விறைத்து நிற்கின்றன.
மற்றது டிரான்சிஸ்டர். கறுப்பு, தட்டை,
இரு விலாவிலும் அலுமினியத் துடுப்பு.

குடியாத்தம் நூருல்லா சொல்லித்தான் கொடுத்தார்:
"ஒரு வாரம் வெச்சிக் கேளு.
பிடிச்சதுக்குக் காசு குடு, பிடிக்காதத திருப்பிக் குடு.
ரெண்டும் ஒண்ணா கேட்டா
எங்கிட்ட வராத, காது டாக்டராண்ட போ."

போக வேண்டியதில்லை, எனக்கு வேலையே அங்கேதான்.
பஞ்சு பதித்த அறைக்குள் ஆளை உட்காரவைத்து
சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்க என்பவன் நான்.
ராணிப்பேட்டை தோல் ஷெட்டில் டிரம் ஓட்டியவர்கள்
கேட்காததற்கும் அழுத்துவார்கள்,
கேட்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு.

போன மாதம் சாப்பாட்டு வேளையில்
நானே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.
இடது காதின் கோட்டில் நாலாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம்
மணல் அள்ளிய பாலாறு மாதிரி ஒரு பள்ளம்.
யாரிடமும் சொல்லவில்லை.
அந்தக் காதைத்தான் இப்போது
தீர்ப்புச் சொல்ல உட்காரவைத்திருக்கிறேன்.

முதல் இரவு வால்வு.
ஸ்விட்சைப் போட்டு நாற்பது விநாடி ஒன்றுமே இல்லை.
இழைகள் சிவந்து, பிறகு வயலின்,
வில்லில் தேய்த்த பிசினோடு,
வாசிக்கிறவர் மூச்சிழுப்பதோடு.
அழகுதான், ஒப்புக்கொள்கிறேன்.
ஆனால் ராத்திரி பத்து மணிக்கும்
சுவர் சூடு துப்பும் இந்த ஊரில்
கூடத்து நடுவில் இன்னோர் அடுப்பு.
ஏசியால் குளிரவைத்து, வால்வால் சூடேற்றி,
இரண்டுக்கும் மின்வாரியத்துக்கு அழவேண்டும்.
கரண்ட் டல்லடித்தால் வயலினும் கொஞ்சம் களைக்கிறது.

இரண்டாம் இரவு டிரான்சிஸ்டர், அதே இசைத்தட்டு.
தொட்டதும் பாடியது.
மிருதங்கத்தின் தொப்பியில் விழும் விரலை எண்ணலாம்.
வயலின் வயலினாகவே இருந்தது.
பிசினைக் காணோம்.
நேற்று அதைப் பூசியது வால்வா, நானா?

காகிதத்தில் கோடு கிழித்து மார்க் போட்டேன்.
ஐந்தாம் நாள்: பதினொன்றுக்குப் பதினொன்று.

அமலோற்பவிக்கு அது நைட் ஷிஃப்ட் வாரம்,
தீவிர சிகிச்சைப் பிரிவு.
அவள் வந்து கேட்டுச் சொல்லட்டும் என்று
வால்வைச் சூடேற்றி வைத்திருந்தேன்.
தட்டு இன்னும் உறையில்தான்.
ஏழே முக்காலுக்கு வந்தவள்
செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.
"இன்னாது ம்ம்முனு ஓடுது?"
"எது?"
"யாரு படுத்திருக்காங்க உள்ள?"

ஸ்பீக்கர் துணியில் காதை ஒட்டினேன்.
இருந்தது.
நூறு ஹெர்ட்ஸ், நூல்போல.
பள்ளத்துக்கு எத்தனையோ தூரம் தள்ளி,
என் காது நன்றாயிருக்கும் இடத்தில்தான்.
பாட்டுக்குக் காத்திருந்தவனுக்கு
அது ஒரு வாரமாய்க் கேட்கவேயில்லை.

"ஆறாம் பெட். நாலு மணி வரைக்கும் மெஷின் ஓடிச்சி.
அப்பறம் நாந்தான் நிறுத்தினேன்."
குளிக்கக்கூட இல்லை, போய்ப் படுத்துவிட்டாள்.

வால்வுகளைக் கழற்றிப் பழைய துண்டில் சுற்றி
குடியாத்தம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.
"இன்னா, சத்தம் பிடிக்கலியா?"
"ரொம்பப் பிடிச்சிது பாய்."
என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணினார்.

மறுநாள் காலை டிரான்சிஸ்டரில் சின்னப் பச்சை விளக்கு.
தலையைத் துவட்டியபடி அவள் எதிரே
தரையில் உட்கார்ந்தாள்.
"போட்டிருக்கியா?"
"போட்டிருக்கேன்."
"பாட்டு?"
"எந்தத் தட்டுனு நீ சொல்லு."
பெங்களூர் ரோட்டில் ஒரு லாரி கியர் மாற்றியது.
பக்கத்து வீட்டில் குக்கர்.
ஸ்பீக்கர் பக்கம் முகத்தைச் சாய்த்து
அதில் வராததையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அணைக்காத," என்றாள்.
"தட்டும் போடாத."